சிறப்பு விருந்தினரும் பூனைப்பருந்தும்

வெங்கடலட்சுமி டீச்சரைக் கண்டால், துடியலூர்ப் பக்கத்துப் பறவை பார்க்கிற ஆட்கள் பைனாகுலரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பார்கள். அப்படி ஒரு வாய். விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் ஹர்ஷிணி பெங்களூரில். விடிந்து ஸ்கூட்டியை எடுத்தால் ஏதாவது குளத்துக் கரையிலோ தரிசிலோதான் இருப்பார். கூட்டுக்குப் பக்கத்தில் கேமராவை நீட்டினால் திட்டு. மொபைலில் குருவிச் சத்தத்தைப் போட்டுக் குருவியை ஏமாற்றினால் திட்டு. பருந்து கீழே இறங்கட்டும் என்று கோழிக் குடலை வீசிய ஒரு டாக்டரை, அவர் சம்சாரத்தின் முன்னாலேயே, "நீங்கெல்லாம் படிச்ச மனுசந்தானுங்களா?" என்று கேட்டுவிட்டார். திட்டினாலும் அந்த 'ங்க' மட்டும் குறையாது. வாட்ஸ்அப் குழுக்களில் அவரைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஊருக்கே ஒரு வேலையாக இருந்தது.

வளையம் போடுகிறவர்கள்மேல்தான் அவருக்குப் பெரிய எரிச்சல். பறவையைப் பிடித்து, எண் போட்ட வளையத்தைக் காலில் மாட்டி விட்டால், அது எங்கே போகிறது, எத்தனை காலம் பிழைக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அது டீச்சருக்குத் தெரியாதா என்ன? வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்தானே. "தெரிஞ்சுக்கறதுக்குப் போட்டா போடுங்க. போட்டோவுக்குப் போடறதா இருந்தா உங்க காலுல மாட்டிக்கங்க" என்பார்.

சோமனூருக்குத் தெற்கே ஒரு தரிசு நிலம் அவருக்குத் தெரியும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற பூனைப்பருந்துகள், பொழுது சாயும்போது அங்கே வந்து புல்லுக்குள் இறங்கித் தரையிலேயே படுத்து உறங்கும். வருஷக்கணக்கில் அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

மனோஜ்குமார் அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டான். பனியன் ஏற்றுமதிக்காரன். முறையாகப் பயிற்சி எடுத்து, வளையம் போட வனத்துறை அனுமதியும் வாங்கி வைத்திருந்தான். பேச்சில் தேன் ஒழுகும். வீடு தேடி வந்து, "இந்தப் பருந்துக வருசா வருசம் குறையுதுங்க டீச்சர். எங்க போய்ச் சாகுதுன்னு தெரிஞ்சாத்தானுங்களே காப்பாத்த முடியும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிடித்த பறவை அவர் பொறுப்பில் இருக்க வேண்டும், வளையம் போட்ட கையோடு விட்டுவிட வேண்டும். "ஆகட்டுங்க டீச்சர்" என்று தலையில் அடித்துச் சத்தியமே செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டீச்சர் அங்கே போனார். தரிசின் ஓரத்தில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பேனர். பேனரில் பருந்தைவிடப் பெரிதாகச் சிறப்பு விருந்தினர் பாலுசாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். மில் முதலாளி, இந்த வேலைக்கெல்லாம் பணம் கொடுத்தவர். டீச்சர் காலமெல்லாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தாளாளரும் அவர்தான்.

"இதென்னப்பா, காது குத்தா?" என்று மனோஜ்குமாரைக் கேட்டார் டீச்சர்.

"அவரு கையால ஆரம்பிச்சாத்தானுங்க டீச்சர் மரியாதை."

வலையில் ஒரு பெட்டைப் பருந்து சீக்கிரமே விழுந்தது. மனோஜ்குமார் பதமாகத்தான் எடுத்தான், அதில் குறை சொல்ல முடியாது. இறக்கையை ஒடுக்கித் துணிப்பைக்குள் விட்டு, சொன்னபடியே டீச்சர் கையில் கொடுத்தான். வளையமும் அதைப் பூட்டுகிற இடுக்கியும் மேசைமேல் இருந்தன.

"ம், போடு" என்றார் டீச்சர்.

"ஐயா வந்துரட்டுங்க. ஒரு கல்யாணத்துல தலையக் காட்டிப்போட்டு வாராருங்க. பத்தே நிமிசம்."

கல்யாண வீட்டுப் பத்து நிமிஷம் எப்படிப்பட்டதென்று சொல்லவா வேண்டும்? வெயில் ஏறியது. இட்லி பரிமாறினார்கள். மைக் செட்காரன் 'ஹலோ, ஹலோ' என்று கத்திப் பார்த்தான். டீச்சர் பையின் வாயைக் கொஞ்சம் விலக்கினார். பருந்து அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது.

"மனோஜு, இது தாங்காது. போடறதுன்னா இப்பவே போடு. இல்லாட்டி நான் அவுத்து உட்டுருவேன்."

"கருமத்தம்பட்டி வந்துட்டாருங்களாம் டீச்சர். இப்பப் போயி உட்டுப்போட்டா, ஐயா வந்து நிக்கறப்ப என்னன்னுங்க சொல்றது? உங்க தாளாளரு வேறங்க."

அங்கேதான் டீச்சர் சறுக்கினார். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவன் கன்னம் பழுத்திருக்கும். தாளாளர் வராமல் ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியதாக அந்தப் பள்ளிக்கூடத்தில் சரித்திரமே கிடையாது. பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழுந்தாலும் முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி வரிசையில் நிறுத்துவார்கள். நிறுத்தியவர் வெங்கடலட்சுமி டீச்சர்தான். பெரியவர் வந்துவிடட்டும் என்பது அவர் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. திட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை விரித்துப் பைக்கு நிழல் கொடுத்தார். மனோஜ்குமாரை வைதார், பேனரை வைதார், மைக் செட்டை வைதார். பையின் முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

ஒருவழியாகக் கார் வந்தது. பூங்கொத்து, பொன்னாடை, கைதட்டல். பாலுசாமி கும்பிட்டபடியே டீச்சரிடம் வந்தார். "அம்மணி, நல்லாருக்கறீங்களா? எங்கீங்க நம்ம பருந்து?"

டீச்சர் முடிச்சை அவிழ்த்து வெளியே எடுத்தார். பருந்தின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் பாதி மூடியிருந்தது. விரலை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

மனோஜ்குமார் அவர் காதோரம் குனிந்தான். "தலைய நிமித்திப் புடிங்க டீச்சர். ஐயா வளையத்த மாட்டட்டும். ஒரே ஒரு போட்டோ, அப்பறம் பாத்துக்கலாமுங்க."

பாவி! அவனை அறைந்திருப்பார், கையில் பருந்து இருந்தது. நேராகப் பாலுசாமியிடம் போய் அதை அவருடைய இரண்டு கையிலும் வைத்தார். "புடிங்க ஐயா. நீங்க வார வரைக்கும் உசுரப் புடிச்சுட்டு இருந்துது. முடியலீங்க."

பெரியவரின் பொன்னாடை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "அட சாமி, எனக்காகவா? என்னைய ஆருங்க கேட்டது? ஒரு போன் போட்டிருந்தா, நீங்க பாட்டுக்குச் செய்யுங்கன்னு சொல்லியிருப்பனே!"

மனோஜ்குமார் பேனர் கட்டியிருந்த கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டான். பாலுசாமி பருந்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏந்திக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"ஏனுங்க டீச்சர், நீங்களும் இங்கதான் இருந்தீங்களா? நீங்களாச்சும் அவுத்து உட்டிருக்கக் கூடாதுங்களா?"

டீச்சர் வெறும் துணிப்பையை நாலாக மடித்தார், மறுபடி பிரித்தார்.

"பை எங்கையிலதானுங்க ஐயா இருந்துச்சு" என்றார்.