அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று

என் மகளின் வேதியியல் விடைத்தாள் நகலை முதன்முதலில் பார்த்தபோது, வேறு யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அந்த ஒரு பாடத்தில் அவள் தோற்றிருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எதிலும் தோற்றதில்லை. நம்ப முடியாமல் நகல் கேட்டு விண்ணப்பித்திருந்தோம்.

எழுத்து அவளுடையதுதான். அச்சடித்த மாதிரி முத்து முத்தான எழுத்து. முதல் பக்கத்தில் ஒரு நெடுவினாவுக்கு விடை. பத்தாவது வரியில் ஒரு சொல்லில் சின்னப் பிழை. அந்தச் சொல்லை மட்டும் அடிக்காமல், ஸ்கேல் வைத்து முழுப் பக்கத்தையும் அடித்திருந்தாள். அடுத்த பக்கத்தில் அதே விடை முதலிலிருந்து. மறுபடியும் ஸ்கேல் கோடு. அந்த ஒரு விடையை நான்கு முறை எழுதியிருந்தாள். அடுத்த கேள்வியை மூன்று முறை. அதற்குப் பிறகு அவசரமாகக் கிறுக்கிய ஒன்றரைப் பக்கம். மீதியெல்லாம் வெள்ளைத்தாள். ஒரு மதிப்பெண் கேள்விகளை அவள் தொடவே இல்லை. கை களைப்பதற்குள் நெடுவினாக்களை எழுதிவிட்டால் எழுத்து அழகாக இருக்கும், ஒரு மதிப்பெண்ணைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அந்த வெள்ளைத்தாள்களை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர எழுத்தரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். வீடு ராஜபாளையம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரத்தில் ஏதாவது ஒரு சொல்லை அடித்தாலோ திருத்தினாலோ, அந்தப் பக்கத்தின் அடியில் எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல் என்று எழுதி, எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக நான் தயாரித்த பத்திரங்களில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்ற சொல் மட்டுமே இருக்கும். ஒரு எழுத்து பிசகினாலும் மொத்தத்தையும் மறுபடி அச்செடுப்பேன். அலுவலகத்தில் அது என் பெருமை.

அந்தப் பெருமையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். மூன்றாம் வகுப்பில் அவள் வீட்டுப்பாடத்தில் அடித்து எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்வேன். அரையாண்டு வருவதற்குள் அவள் நோட்டுகள் பாதியாக இளைத்துவிடும். ஆசிரியைகள் அந்த நோட்டை எடுத்துப் பக்கத்து வகுப்புகளில் காட்டுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

துணைத் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதில் தேறினால் அந்த வருடமே கல்லூரி. இல்லாவிட்டால் ஒரு வருடம் வீட்டில். அவளோ தேர்வே எழுத மாட்டேன் என்றாள். அவள் அப்பா ராணுவத்தில் இருக்கிறார், எல்லை ஊரிலிருந்து ஃபோனில் கெஞ்சினார். நான் எதிரில் உட்கார்ந்து கெஞ்சினேன்.

“தப்பு வந்தா வந்துட்டுப் போவுதுட்டி. அடிச்சிட்டு மேல எழுது.”

“நீ வாயால சொல்லுத. ஒன் மூஞ்சி அப்படிச் சொல்லலையேம்மா.”

அவளைத் தனியாக வீட்டில் விட எனக்குப் பயமாக இருந்தது. சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. அதனால் ஒரு வாரம் என்னோடு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். வேதியியல் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் திருப்பாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் நிலத்தில் ஒரு பகுதியைத் தங்கைக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறார். தங்கையும் கூட வந்திருந்தார். பத்திரம் தயாராகி, மகளையும் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் டோக்கனுக்குக் காத்திருந்தோம். இன்னும் இரண்டே டோக்கன். சும்மா இருக்கப் பிடிக்காமல் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். நிலத்தின் நான்கு எல்லைகள் வரும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“ஏந்தாயி, நெலம் ஓடைக்குக் கெழக்கயில்லா கெடக்கு. நீ மேக்கன்னு போட்டிருக்கியே.”

வாங்கிப் பார்த்தேன், மேற்கு என்றுதான் இருந்தது. கூமாப்பட்டிக்காரர்களுக்கு மேற்கே இருப்பது மலை. ஓடையைத் தாண்டினால் யானை நடமாடும் காடுதான்.

“என் தங்கச்சிக்கு எழுதச் சொன்னா நீ யானைக்குல்லா எழுதி வச்சிருக்க!” என்று அவர் உரக்கச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு, “யானை கையெழுத்துப் போட வருமாண்ணே?” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். “செத்த நேரம் இருங்க, ஓடிப்போய் வேற எடுத்துட்டு வந்துருதேன்” என்றேன். எங்கள் எழுத்தர் அண்ணாச்சி என்னைக் கையமர்த்தினார்.

“எங்கம்மா போற? டோக்கன் போயிரும். அவியளும் எம்புட்டு தூரத்துலருந்து வந்திருக்காவ. அடிச்சு எழுதும்மா.”

“அண்ணாச்சி, நான் இதுவரைக்கும்…”

“தெரியும், தெரியும். இதுவரைக்கும் இல்லை. இன்னைக்கு ஒண்ணு. எழுது.”

பேனாவை எடுத்தேன். மகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். ‘மேற்கு’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன். மேலே ‘கிழக்கு’ என்று எழுதினேன். நேராகக்கூட வரவில்லை. பக்கத்தின் அடியில் ‘அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று’ என்று எழுதினேன். பட்டாளத்துக்காரர் அதன் பக்கத்தில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டார். டோக்கனைக் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் அந்த இடத்தைப் பார்த்தார், கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பதிவு முடிந்தது. நிலம் தங்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்.

“அம்புட்டுதானாம்மா?”

“அம்புட்டுதான்.”

“அடிச்சாலும் அந்தப் பத்திரம் செல்லும்?”

“செல்லும்.”

“இதுக்காக்கும் இத்தன வருஷமா ரெண்டு பேரும் பயந்து செத்தோம்?” என்றாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. நடுரோட்டில் இருவரும் நின்று சிரித்தோம். ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்து எங்களை ஓரத்துக்கு விரட்டினார்.

அன்று மாலையே மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தாள். ஒரு மதிப்பெண் கேள்விகளை முதலில் எழுதினாள். தப்பு வந்தால் ஒரே கோடு, அடுத்த வரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘அடித்தல் நான்கு’, ‘அடித்தல் ஏழு’ என்று எழுதி, பட்டாளத்துக்காரரைப் போல் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். உண்மைத் தேர்வில் பெயர் கையெழுத்து எதுவும் கூடாது என்று பதறினேன். “அது எனக்குத் தெரியாதாக்கும்?” என்றாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது, “அந்தச் சமன்பாடு கோணலாப் போவுது பாரு” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். பேனாவை மூடி வைத்தவள் இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள், “நீ பக்கத்துல இருக்காத, அடுப்படிக்குப் போ” என்றாள். போனேன். அதன் பிறகு அவள் எழுதும்போதெல்லாம் விளக்கிய பாத்திரங்களையே மறுபடி விளக்கிக்கொண்டு நின்றேன். எட்டிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

தேர்வன்று ராஜபாளையத்தில் தேர்வு மையத்தின் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. கும்பல் கரைந்தது. அப்போதும் வரவில்லை. மறுபடி அந்த ஸ்கேல் கோடுகள் என் கண்முன் வந்தன. காவலாளியிடம், “உள்ள இன்னும் யாரும் இருக்காவளா?” என்று கேட்க வாயெடுத்தபோது கடைசி ஆளாக வந்தாள். விரல்களிலும் சட்டையிலும் மை.

“கடைசி நிமிஷம் வரைக்கும் எழுதினேன். சார் கையிலருந்து பேப்பரைப் புடுங்கிட்டுப் போனாரும்மா” என்றாள்.

“எல்லாத்தையும் எழுதிட்டியாட்டி?”

“எல்லாத்தையும். ஒரு பக்கங்கூட வெள்ளையா விடல. கடைசி அஞ்சு மார்க் கேள்வி எனக்குச் சரியாத் தெரியாது. தப்புன்னு தெரிஞ்சே எழுதினேன்.”

“தெரிஞ்சேவா?”

“பாதியாவது சரியா இருக்கும்ல?”

நான் அவளை அணைத்துக்கொண்ட வேகத்தில் அவள் பேனா கீழே விழுந்து உருண்டது.

முடிவு வந்த அன்று அவள்தான் ஃபோனில் பார்த்தாள். “பாஸ்” என்றாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா, ஏதோ விபரீதம் என்று நினைத்து, “ஏமைந்தி, என்னாச்சு?” என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளை பாஸ் என்றேன்.

“எம்புட்டு மார்க்கு?”

“அம்பத்தி நாலு.”

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தொண்ணூற்று ஏழுக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த என்னை அவருக்குத் தெரியும். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

“அம்பத்தி நாலு, அக்கா!” என்றேன், தெரு முழுக்கக் கேட்கும்படி.