டீ கொடுத்தால் சம்மதமா?

அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு நம் கருத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் ஆடியோ மொழிபெயர்ப்புத் தொழில். ஹெட்ஃபோன் மாட்டிக் காது வெந்துபோன சகாக்களே, உங்களுக்கு இது புதிதில்லை. நான் துபாயில் சட்டம் படிக்கிறேன். மதியத்துக்கு மேல் கராமாவில் சுலைமான் பாய் நடத்தும் சின்ன ஆபீஸில் வேலை. அமெரிக்க வக்கீல்கள் அனுப்பும் போலீஸ் பதிவுகளில் வரும் தமிழை இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும்.

உள்ள வாங்க தம்பி

ஒரு பதிவு, போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருந்த கேமராவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மகனோடு தங்கப் போன ஒரு மதுரை அம்மா கதவைத் திறக்கிறார். வெளியே வாரண்ட் இல்லாமல் இரண்டு போலீஸ்காரர்கள். வீட்டைப் பார்க்கலாமா என்று இங்கிலீஷில் கேட்கிறார்கள். அம்மாவுக்கு அது புரியவில்லை. "உள்ள வாங்க தம்பி, உக்காருங்க, டீ போடுறேன்" என்கிறார். அவர்கள் நேரே மகனின் அறைக்குப் போய், பீரோவிலிருந்த லேப்டாப்பை எடுத்துவிட்டார்கள். கார்டு மோசடி என்று மகன் சிறையில். அம்மா சம்மதித்தார் என்றால் லேப்டாப் சாட்சியமாகும். இல்லையென்றால் வழக்கே நிற்காது.

எனக்குக் கொதித்தது. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரையும் நாங்கள் இப்படித்தான் கூப்பிடுவோம் என்று அடிக்குறிப்பு எழுதினேன். பாய் அதை அழித்தார். அநியாயம், இது வெறும் உபசாரம் என்று வாதாடினேன். "இருக்கட்டும்மா. நீ என்ன அவங்க வக்கீலா? காதுல விழுந்தத எழுது, கலாஸ், அவ்வளவுதான்."

விட்டுப்போன வரி

கோபத்தில் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். பதிவோடு வந்திருந்த போலீஸ் தரப்பு மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் 'வீட்டுப் பேச்சு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "அந்த ரூமுக்கு எதுக்குப் போறீங்க? இங்கிட்டு வந்து உக்காருங்க தம்பி." எழுதிப் பாயிடம் நீட்டினேன். ஹெட்ஃபோனை வாங்கி இரண்டு முறை கேட்டார். "இதுக்கு அடிக்குறிப்பே வேணாம்மா."

ஹாலும் பீரோவும்

பிறகு, பதிவை எங்களுக்கு அனுப்பிய மகனின் வக்கீல் அந்த அம்மாவிடம் வீடியோவில் பேசினார். நடுவில் மொழிபெயர்க்க நான். உள்ளே போவது பிடிக்கவில்லையென்றால் ஏன் டீ கொடுத்தீர்கள் என்று அரசுத் தரப்பு மடக்குமே, என்ன சொல்வீர்கள் என்றார். அம்மா என்னையே திருப்பிக் கேட்டார்: "வந்தவுகளுக்கு டீ குடுக்குறது ஒரு தப்பாம்மா? ஹால்லதான உக்காரச் சொன்னேன், எம் மகன் பீரோவத் தொறக்கவா சொன்னேன்?"

தீர்ப்பு வந்த அன்று

அம்மா அதையே கோர்ட்டிலும் சொன்னாராம். லேப்டாப்பைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார், மகன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று வக்கீல் மெயில் போட்டிருந்தார். நான் ஆபீஸில் ஒரு பிரசங்கமே செய்தேன்: வாசலில் காட்டுகிற மரியாதையை அரசாங்கம் சாவியாக்கிக்கொள்ளக் கூடாது, அது யார் வீடாக இருந்தாலும் சரி. பாய் முழுசாகக் கேட்டார். "எல்லாம் சரிதாம்மா. பையன் அந்தத் தப்ப செஞ்சானா, இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே நியாயமான தீர்ப்பு வரலாம் என்று பரீட்சையில் எழுதிப் பாஸாகிவிட்டேன். பாயிடம்தான் இன்னும் அரியர் நிற்கிறது.