ஒஷாவாவில் பேர்ணடெற்றுக்கு ஒரு வீடு

பேர்ணடெற்றுக்குக் கனடாவின் ஒஷாவா நகரில் வீடு இருக்கிறது. நான்கு அறை, இரட்டைக் கராஜ், பின்வளவில் ஓர் ஆப்பிள் மரம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் உண்டு. உள்ளே அவளுக்கென்று ஒரு தலையணைகூட இல்லை.

தம்பி றெமிஜியஸ் அதை வாங்கப் போனபோது, அவனுடைய சம்பளம் போதாதென்று வங்கி கையை விரித்தது. "பெயர் மட்டும்தான் அக்கா, ஒரு கையெழுத்து" என்றான். கலியாணம் கட்டாதவள், அப்போது இரண்டு வேலை செய்துகொண்டிருந்தவள், யோசிக்காமல் போட்டுக் கொடுத்தாள். நம்மவர்களில் யார்தான் போடவில்லை? கூடப்பிறந்தவனுக்குக் கையெழுத்து வைக்க யோசிக்கிற அக்காவை ஸ்காபரோவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது முழங்கால் இரண்டும் போய், விருந்து மண்டபத்துச் சமையலறை வேலையும் போய், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறாள். தன் மகனுக்குக் கலியாணம், மாத முடிவுக்குள் வீட்டை விட்டு எழும்புங்கோ என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வருடக்கணக்காகக் காத்திருந்த வாடகை குறைந்த அரசாங்க வீட்டுக்கு ஒருவழியாக அவளுடைய முறை வந்தது. வந்த கையோடு மறுத்தும் விட்டார்கள். சொந்த வீடு உள்ளவளுக்கு இன்னொரு வீடு எதற்கு என்பது அவர்களுடைய நியாயம்.

சட்ட உதவி நிலையத்துத் தனுஷிகா இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மறுபரிசீலனைக்கு மனுப் போட்டு, நேரில் பேச ஒரு சந்தர்ப்பமும் எடுத்துக் கொடுத்தாள்.

"அன்ரி, ஒரே ஒரு பொயின்ற்தான். பேர் இருந்தாலும் அந்த ஒஷாவா வீட்டில உங்களால இருக்க ஏலாது. போன கிறிஸ்மஸ் நடந்ததைச் சொல்லுங்கோ, ஓகே?"

போன கிறிஸ்மஸுக்குப் போய் அங்கே சோபாவில் படுத்திருந்தாள். திருநாள் முடிந்த காலை, தம்பியின் மனைவி செலீன் கோப்பியை நீட்டும்போதே, "மச்சாள், எத்தினை மணிக்கு பஸ்?" என்று கேட்டாள். தம்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதைப் பேர்ணடெற் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. தனுஷிகாவிடம்தான் முதன்முதலாகச் சொல்லி அழுதாள்.

அன்று அரசாங்க வீட்டு அலுவலகத்துக்கு அவளைக் காரில் கொண்டுவந்தவன் றெமிஜியஸ்தான். "அங்கிள் வெளியில இருக்கட்டும்" என்று தனுஷிகா சொல்லிப் பார்த்தாள்.

"வேலைக்கு லீவு போட்டு வந்தவனை வெளியில இருத்திறதே? என்ன பிள்ளை நீர்!"

பேர்ணடெற் கேட்டால்தானே! பக்கத்துக் கதிரையிலேயே அவனை இருத்திக்கொண்டாள்.

அலுவலர் கெட்ட மனுஷி இல்லை. அவர் ஆங்கிலத்தில் கேட்டதை, போனில் மொழிபெயர்ப்பாளரின் குரல் தமிழில் சொன்னது. "இன்றைக்கு நீங்கள் பெட்டியோடு போய் நின்றால், தம்பி உள்ளே விடுவாரா?"

தனுஷிகா அவளையே பார்த்தாள். றெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டான். குளிர்காலத்தில் அவனுடைய கழுத்து வியர்த்திருந்தது. பேர்ணடெற் அதைக் கண்டாள். தூக்கி வளர்த்தவனைப் பிறத்தியாருக்கு முன்னால் தலைகுனிய வைப்பதா?

"ஏன் விடமாட்டான்? என்ரை தம்பியெல்லோ! நான் எந்த நேரமும் போகலாம். அவன்ரை வீடு என்ரை வீடு மாதிரித்தான்."

போன் குரல் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் ஒப்புவித்தது. தனுஷிகா ஏதேதோ விளக்கினாள். எடுபடவில்லை. மறுத்தது மறுத்ததுதான் என்று அங்கேயே சொல்லி முடித்தார்கள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் பேர்ணடெற். 

திரும்பும் வழியெல்லாம் பேர்ணடெற் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவனும் காதால் கேட்டவன்தானே. 'அப்ப எங்களோட வந்து இருங்கோ அக்கா' என்று வாய்ப்பேச்சுக்காவது சொல்லமாட்டானா? சிவப்பு விழுந்த ஒவ்வொரு சந்தியிலும் அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

பேஸ்மென்றின் பக்கக் கதவடியில் கார் நின்றது. அவன் எஞ்சினை நிறுத்தவில்லை. அவள் பெல்ற்றைக் கழற்றவில்லை.

"நீங்கள் அப்பிடிச் சொன்னது நல்லது அக்கா" என்றான். "எங்கட மானத்தைக் காப்பாத்திப் போட்டியள்."

பிறகு எட்டி, அவளுடைய பெல்ற்றை அவனே கழற்றிவிட்டான்.

"ஐஸ் கிடக்கு. பாத்து இறங்குங்கோ."