மூன்று வாட் வெளிச்சம்

தெருவில் அவளுக்கு 'சுவிட்ச் அக்கா' என்று பெயர். அலுவலகம் ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்கு வயிறு எரியும். ஒருமுறை மேலாளர் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிட்டு வந்த புண்ணியவதி.

அப்பேர்ப்பட்டவள் எல்இடி பல்பு வாங்கப் போனால் கேட்க வேண்டுமா? பெட்டிகளைப் புரட்டி, இருப்பதிலேயே சின்ன எண்ணாகப் பார்த்து எடுத்தாள். மூன்று வாட். கூடத்தில் மாட்டியதும் நாற்காலி எது, அதில் உட்கார்ந்திருக்கும் கணவர் எது என்றே தெரியவில்லை. "கண்ணு பழகிடும்" என்றாள்.

கண் பழகியது. கணவர்தான் மாறிப்போனார். நெசவு மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் ஓயாத மனிதர். பகலில் நன்றாகத்தான் பேசுவார். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும் மூச்சு விடமாட்டார். எதைக் கேட்டாலும் ஓர் 'உம்', அதோடு எழுந்து போய்ப் படுத்துவிடுவார்.

மகளிடம் போனில் சொல்லி அழுதாள். "அப்பாவுக்கு உன் அருமை தெரியல. நீ இங்கயே வந்துடும்மா" என்றாள் மகள். அன்று மாலை கணவரிடம் கேட்டாள்: "நான் பொண்ணோடயே போய் இருந்துடட்டுமாங்க?" அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை ஒரு தலையாட்டலில் அனுப்பிவைக்கிறாரே என்று அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

கிளம்பலாம் என்றால் பையின் கைப்பிடி பிய்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பல்பைத் திட்டிக்கொண்டே கடைக்குப் போனாள்.

"வாட்டுங்கறது அது இழுக்கற கரண்ட்டு, அக்கா. வெளிச்சம் வேணும்னா லூமென் எவ்வளவுன்னு பாக்கணும்" என்றார் கடைக்காரர். "இது ஒன்பது வாட்தான். பழைய அறுபது வாட் குண்டு பல்பு வெளிச்சம் வரும்."

அதை வாங்கிவந்து மாட்டியதும் கூடம் பளிச்சென்று ஆனது. கணவருக்கு எதிரே உட்கார்ந்து தைத்தபடி, தன் காதுக்கே எட்டாத குரலில் முணுமுணுத்தாள்: "நான் போனா இங்க யாருக்கு என்ன."

"எங்க போற?" என்றார் அவர்.

ஊசி அப்படியே நின்றது. "பொண்ணு வீட்டுக்கு. அன்னைக்குக் கேட்டேனே, தலைய ஆட்டினீங்களே."

"சாப்பிடலாமான்னு நீ கேக்கறேன்னு நெனச்சேன்."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். தறிச் சத்தத்தில் காது எப்போதோ போய்விட்டதாம். மில்லில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். அதை வைத்தே வீட்டிலும் ஓட்டிவிட்டார். "கொஞ்ச நாளா சாயங்காலம் ஆனா உன் உதடும் தெரியல. காதுதான் போச்சு, இப்ப கண்ணும் போகுதுன்னு பயந்துட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

மூஞ்சியப் பாத்துப் பேசு என்று அதட்டுவாரே, அதை அதிகாரம் என்றல்லவா நினைத்திருந்தாள்! அவள் திட்டியது, கொஞ்சியது, வாய்க்குள் சபித்தது எல்லாமே அந்த மனிதருக்குக் கண் வழியாகத்தான் போயிருக்கிறது. இத்தனை வருஷம் ஒருவர் தன் முகத்தை இப்படி விடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பையைக் கீழே வைத்தாள். குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நான் எங்கயும் போகல."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "சரியாத் தெரியல. இன்னொரு தடவ சொல்லு."