ஆறு மணி நேரத் தொலைவு

பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரிலிருந்து என் பெரியண்ணன் சைகோனுக்குக் கப்பலேறியபோது எனக்கு இரண்டு வயது. அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. அங்கே நல்ல வேலையில் இருக்கிறார், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. பொங்கலுக்காவது பையன் வருகிறானா என்று முத்தியால்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் கேட்டால், அம்மா சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்வாள்.

"நாள்கணக்கா கடல்லியே வரணும். பக்கத்துலயா இருக்கு, நெனச்சா வர்றதுக்கு?"

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

எனக்குப் பத்து வயதான வருஷம் அம்மா படுத்துவிட்டாள். மூச்சுவிடவே சிரமப்பட்டாள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பா அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். பதில் வரவில்லை. கப்பல் கிடைத்திருக்காது என்றாள் அம்மா.

அந்த வாரம்தான் பள்ளியில் வரைபடத்தில் தூரம் அளக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீச்சரிடம் கெஞ்சி அட்லஸை வீட்டுக்கு வாங்கிவந்தேன். சைகோனிலிருந்து மதராஸ் வரை நூல் பிடித்து அளந்தால், ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மைல். பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து திரும்பியவர்; அதனால்தான் அந்தப் பேர். ஏரோப்பிளேன் என்ன வேகத்தில் போகும் என்று அவரைக் கேட்டேன். மணிக்கு முந்நூறு மைல் என்றார். வகுத்துப் பார்த்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அண்ணன் கப்பல்ல வர வேணாம்மா. ஏரோப்பிளேன்ல வந்தா ஆறே மணி நேரம்தான்."

அம்மா கண்ணைத் திறந்தாள். இங்கிருந்து மதராசுக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஐந்து மணி நேரம் என்றேன்.

"அவ்ளோ கிட்டத்துலயாடி இருக்கான்?"

வழியில் இறங்கி இறங்கி வந்தாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகாதாம் என்று, சொல்தா தாத்தா சொன்னதையும் உற்சாகமாகச் சேர்த்துச் சொன்னேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டுப் பெரியம்மா, சைகோனிலிருந்து சேதி உண்டா என்று விசாரித்தாள். அம்மா கடலைப் பற்றிப் பேசவில்லை.

"அவனுக்கு வர மனசு இல்லக்கா."

அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தப் புத்தகத்தைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வா என்றார். ஏன் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தாள் அம்மா. அண்ணன் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை. அவருடைய கடிதம், காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

நான் கணக்கில்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குத் திரும்பிய அன்றே அட்லஸைக் கேட்டு வாங்கி, மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே ஆறு மணி நேரம்தான் வந்தது. விடை சரியாக இருந்தும் அம்மா ஏன் சந்தோஷப்படவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.