வெள்ளிக்கிழமைக் கோபம்

நோயாளிகள் என்மேல் எறிந்த பொருள்களுக்குக் குறைவே இல்லை. பொய்ப்பல், ஊன்றுகோல், ஆறிப்போன சூப், ஒருமுறை ஒரு முழுத் தலையணை. ஆனால் பித்தளை டம்ளர் ஒன்று என் காதோரமாகப் பறந்துபோய்ச் சுவரில் மோதியது வெள்ளவத்தையில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்தான். எறிந்தவர் சிவகுருநாதன் ஐயா. அதற்கு முன் ஒரு மாதமாக அந்த வீட்டுக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட அதனிடம் அனுமதி கேட்டுத்தான் விரட்டுவார் என்று நினைக்க வைத்த மனிதர் அவர்.

தாதி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கதை கேட்கும்போது இதைத்தான் முதலில் சொல்வேன். வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் அந்த வீட்டில்தான் கிடைத்தது.

1. என் கிழமைகள்

யுத்த காலம். நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஒரு நேர்சிங் ஹோமின் ஹோம் விசிட் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் டிரெஸிங் செய்வது, ஊசி போடுவது, கதீட்டர் மாற்றுவது, பிரஷர் பார்ப்பது. ஒரு தோள்பை, ஒரு குடை, வெள்ளைச் சீருடை. இவ்வளவுதான் சொத்து.

கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே நகரத்தைக் குறுக்கே கடப்பது அப்போது லேசான காரியமில்லை. இராணுவத்தின் செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். என் பையைத் திறந்தால் ஸ்பிரிட் மணம் குப்பென்று வரும். ஆமிக்காரப் பையன் ஒருவன் ஐடென்டிட்டி கார்டைப் பார்க்கிறானோ இல்லையோ, "மிஸ், பெஹெத் தியனவத?" என்று மருந்து கேட்டுத் தன் கால்விரல் சேற்றுப்புண்ணைக் காட்டத் தவறமாட்டான். அவனுக்கும் பூசிவிட்டுத்தான் போவேன். இந்தச் சிக்கலால் கிழமைகளைப் பிரித்து வைத்திருந்தோம். திங்கள், புதன், சனி வெள்ளவத்தை. செவ்வாயும் வெள்ளியும் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ். வியாழன் நேர்சிங் ஹோமிலேயே டியூட்டி.

இந்தப் பிரிப்பால் வெள்ளவத்தை நோயாளிகளை வெள்ளிக்கிழமையில் நான் கண்டதே கிடையாது. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

2. புதன்கிழமையில் தங்கமான மனிதர்

சிவகுருநாதன் ஐயா யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் தலைமைக் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இடம்பெயர்ந்து வந்து, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீட்டில் மனைவி தவமணி அக்காவுடன் இருந்தார். மகள் கனடாவில். ஐயாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் ஆறாத புண். அதற்கு மருந்து கட்டத்தான் நான் போனேன்.

கட்டும்போது வலித்தாலும் முகம் சுளிக்கமாட்டார். "பிள்ளை, முதலில தேத்தண்ணி குடியும்" என்பார். எந்தக் கிழமை எந்த வட்டாரத்துக்கு நான் போகிறேன் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தபால் பிரித்த மூளை.

தவமணி அக்கா சொன்ன கதை வேறாக இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் மனிதர் மாறிவிடுவாராம். காலையில் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, பிறகு வீடு இரண்டுபடுமாம். தன்னுடைய ஐடென்டிட்டி கார்டை அக்கா ஒளித்துவிட்டார் என்பாராம். வீட்டை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரருடன் சேர்ந்து தன்னைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கப் போகிறார் என்பாராம். கையில் கிடைத்ததை எறிவாராம். ஒருமுறை கோயிலிலிருந்து வரும் வழி மறந்து செக் பொயின்டில் போய் நின்று ஆமிக்காரரோடு வாக்குவாதப்பட்டு, பக்கத்துக் கடைக்காரர் சிங்களத்தில் கெஞ்சிக் கூட்டிவந்தாராம். மத்தியானம் சாப்பிட்டு ஒரு குட்டித்தூக்கம் போட்டால் பழையபடி தங்கமாகிவிடுவார். எதுவும் ஞாபகமிருக்காது.

ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். வீடு வாசல் போன கவலை என்றார் வீட்டுக்காரர். யுத்தம் மனிசரை இப்படித்தான் ஆக்கும் என்றார்கள் கீழ்மாடியில். அந்த நாட்களில் பல்வலிக்குக்கூட யுத்தத்தைத்தான் காரணம் சொல்வோம். மேல்மாடி அம்மா, வெள்ளியில் வருவது சாமியாக இருக்கலாம், கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். மகளோ போனில், "அப்பா பாவம், நீங்கள்தான் பொறுத்துப்போகோணும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாளாம். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. எனக்குத் தெரிந்த ஐயா, புதன்கிழமை ஐயா.

ஒரு புதன்கிழமை, குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நான் கை கழுவும்போது தவமணி அக்கா கதவைச் சாத்தினார். இருவரையும் கனடாவுக்குக் கூப்பிட மகள் போட்ட ஸ்பொன்சர் சரிவந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை காலி வீதிக் கொமியூனிகேஷன் கடைக்கு மகள் போன் எடுப்பாள். அப்போது சொல்வதற்கு ஒரு முடிவு வைத்திருந்தார்.

"இவரை இங்க வயசுபோன ஆக்களின்ர ஹோம் ஒண்டில விட்டிட்டு நான் தனிய வாறன் எண்டு சொல்லப்போறன். போனா திரும்பி வரமாட்டன் மிஸ்."

அழவில்லை, குரலும் உயரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முன்னறையில் ஐயா வானொலியைக் குறைத்து வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார், பாவம், தன் தலைவிதி குசினியில் எழுதப்படுவது தெரியாமல்.

3. தீர்த்தம்

அந்த வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. முதல் நாள் இரவு டியூட்டி நீண்டு நான் நேர்சிங் ஹோமிலேயே தங்கியிருந்ததால் அதில் அகப்படவில்லை. மேட்ரன் என்னை வெள்ளவத்தைக்குத் திருப்பிவிட்டார்.

மூன்றாம் மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. கதவைத் திறந்த தவமணி அக்கா, "பாத்தீங்களே" என்பதுபோல ஒதுங்கி நின்றார். ஐயா வேட்டியும் திருநீறுமாகக் காற்றாடிக்கு நேர் கீழே நின்றார். ஆனாலும் நெஞ்சில் வேர்வை ஆறாக ஓடியது. என்னைப் பார்த்து, உன்னை யார் அனுப்பினது, இவள் உனக்கு எவ்வளவு தந்தவள் என்று கேட்டார். நாக்குக் குழறியது. கையைப் பிடித்தேன். குளிர்ந்து நடுங்கியது, நாடி ஓட்டமாக ஓடியது.

என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

"வெள்ளி விரதமெல்லோ. மத்தியானம் பூசை முடிஞ்சுதான் சாப்பாடு. சாப்பிட்டா ஆள் சரியாகிடுவார், அது எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

"சீனிக் குளிசை?"

"அதெல்லாம் விடியவே போட்டிடுவார். குளிசை சாப்பாடில்லைத்தானே, விரதம் முறியாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மாத்திரையைக் காலையில் போடு என்று டொக்டர் சொன்னார். தலைமைக் கிளாக் அதைச் சுற்றுநிருபம் போல ஏற்று ஒருநாளும் தவறாமல் போட்டார். குளிசைக்கு வெள்ளி, செவ்வாய் தெரியாது. வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இரத்தத்துச் சீனியைக் குறைத்துக்கொண்டே போகும். மூளைக்குச் சீனி கிடைக்காவிட்டால் முதலில் போவது பொறுமை. அடுத்தது நம்பிக்கை, பிறகு வீட்டுக்கு வரும் வழி. அப்படியே விட்டால் உயிரும் போகலாம். அப்போதெல்லாம் விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் எங்கள் பையில் கிடையாது. குடிக்கிற நிலையில் ஆள் இருக்கும்போதே சீனி கொடுத்தாக வேண்டும்.

சீனித் தண்ணீர் கரைத்து நீட்டினேன். விரதத்தைக் குலைக்கவோ வந்தாய் என்று உறுமினார். டம்ளர் பறந்தது அப்போதுதான். இரண்டாவது டம்ளர் கரைத்தால் அதுவும் பறக்கும் என்று தெரிந்தது. ஆமிக்காரருக்கே மருந்து பூசியவள், அந்த இடத்தில் திகைத்துப்போய் நின்றேன்.

தவமணி அக்கா சாமித்தட்டுப் பக்கம் போனார். அங்கிருந்த சின்னச் செம்பில் தண்ணீர் ஊற்றி, குசினியிலிருந்து சீனியை அள்ளிக் கொட்டி, மேலே ஒரு துளசி இலையையும் போட்டார். ஐயாவுக்கு முன்னால் போய் நின்று, "தீர்த்தம். வாங்குங்கோ" என்றார்.

உறுமிய மனிதர் அடங்கினார். இடக்கைமேல் வலக்கையை வைத்துக் குழித்து நீட்டினார். புத்தி தடுமாறினாலும் அந்தக் கைக்குப் பழக்கம் மறக்கவில்லை. அக்கா ஊற்றினார், அவர் குடித்தார். மறுபடி ஊற்றினார், மறுபடி குடித்தார். செம்பு பாதியாகும்வரை இது நடந்தது.

"இதென்ன, இவ்வளவு தீர்த்தமோ?" என்றார் ஐயா.

கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. மிச்சத்தையும் குடிக்க வைத்து உட்கார வைத்தோம். வேர்வை அடங்கியது. சிறிது நேரத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளை எப்ப வந்தனீர்? இண்டைக்கு வெள்ளியெல்லோ, உமக்குக் கொட்டாஞ்சேனை நாளெல்லோ?"

தவமணி அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சோறு சாப்பிட வைத்து, மறுபடி சீனி இறங்கிவிடுமோ என்ற பயத்தில் திரீவீலரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் குளிசையின் அளவைக் குறைத்து, இனி விரதம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

4. இன்னொரு கை

சனிக்கிழமை நான் போனபோது கட்டடம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. கீழ்மாடி, மேல்மாடி எல்லாருக்கும் ஐயா பாவமாகிவிட்டார். மேல்மாடி அம்மா சாமியைக் கைவிட்டு, பப்பாசிப் பழம் கொண்டுவந்து வைத்தார். ஐயா டம்ளருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார். எல்லாம் சுபம் என்றுதான் நானும் நினைத்தேன்.

குசினியில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இனி நிம்மதிதானே என்று கேட்டேன்.

"அவருக்குச் சீனி குறைஞ்சதாம். சரி மிஸ். அவர் எல்லாத்தையும் மறந்திட்டார், நான் மறக்கேல்ல. எனக்கு என்ன குறைஞ்சது எண்டு இந்தக் கட்டடத்தில ஒருத்தரும் கேக்கேல்ல."

தோளில் பிரஷர் மெஷின் தொங்கியது. "இங்க உக்காருங்கக்கா, கைய நீட்டுங்க" என்றேன். தனக்கு ஒன்றுமில்லை என்றார். விடவில்லை. பட்டியைச் சுற்றிப் பார்த்தால், ஐயாவின் பிரஷரைவிட அவருடையது எவ்வளவோ மேலே நின்றது. விசாரித்தேன். வியாழன் பின்னேரமே நெஞ்சு படபடக்கத் தொடங்குமாம். இரவில் கண் மூடாதாம். அடுப்பில் வைத்ததை மறக்கிறாராம். மரக்கறிக்காரனிடம் காரணமில்லாமல் கத்துகிறாராம். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாராம். ஒரு மாதமாக அந்த வீட்டுப் படியேறியும், இந்தக் கையை ஒருநாளாவது பிடித்துப் பார்க்க யாரும் என்னை அனுப்பவில்லை.

ஐயா குசினி வாசலில் வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். மெஷினைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். என்ன என்று கேட்டார்.

"ஐயா, அந்தக் கோபம் உங்களோடது இல்ல, சீனி குறைஞ்சதால வந்தது. ஆனா அத வாங்கிக்கிட்டது முழுக்க அக்காதான்" என்றேன்.

ஐயா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தவம், வெள்ளிக்கிழமையில நான் என்னென்ன சொன்னனான்?"

"அதை ஏன் இப்ப?"

"எனக்குத் தெரியாது. நீர் சொன்னாத்தான் தெரியும்."

அக்கா உட்கார்ந்திருந்தார், ஐயா புண்காலோடு நின்றார். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன். படியிறங்கும்போது அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நெடுநேரத்துக்கான கதை அது.

அதன்பின் நான் போன வீடுகளில் எல்லாம், படுத்திருப்பவரின் பிரஷரைப் பார்த்த பிறகு பட்டியை மடித்து வைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு அவர் கையையும் கேட்பேன். மகளோ மருமகளோ மனைவியோ, ஒன்றுமில்லை மிஸ் என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அந்தக் கையில்தான் ஏதாவது இருக்கும்.

திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாகத் தவமணி அக்காவுக்குப் பிரஷர் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது. முன்னறையில் ஐயா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மகளிடம் கதைத்தீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஓம், சொன்னனான். நான் தனியத்தான் வாறன் எண்டு."

ஐயாவுக்குக் கேட்டுவிடுமோ என்று முன்னறைப் பக்கம் பார்த்தேன். அக்கா கையை நீட்டியபடியே சிரித்தார்.

"இங்க ஒரு கிழமை நிம்மதியா நித்திரை கொள்ள ஏலாது மிஸ். அங்க போய் மூண்டு மாசம் நித்திரை கொள்ளப்போறன். இவரைப் பாக்க ஒரு ஆளும் பேசியாச்சு. டிக்கெட் போடேக்க திரும்பி வாறதுக்கும் சேத்துப் போடு பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன்."