பார்க்கப் போன சந்திரம்மா

சந்திரம்மா மலேயாவுக்குப் புறப்பட்டபோது ஊரில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "எதுக்கு?"

தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவமா என்று கேட்டார்கள். இல்லை. கல்யாணமா, காரியமா? அதுவும் இல்லை. வேண்டுதல் ஏதாவது இருக்குமோ என்று ஒருத்தி இழுத்தாள்.

"பாக்கப் போறேன்" என்றாள் சந்திரம்மா. "என் தம்பி இருக்கற ஊரை, நடுவுல இருக்கற சமுத்திரத்தை, எல்லாத்தையும் பாக்கப் போறேன். போதுமா?"

போதவில்லை. நாற்பத்தேழு வயசில், அதுவும் தாலியறுத்தவள், ஒரு காரணமும் இல்லாமல் கப்பலேறுவதா என்று ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சத்தியவேட்டுக்குத் தெற்கே இரண்டு மைலில் அவள் ஊர். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு. புருஷன் வெங்கடரமணன் காய்ச்சலில் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. கருமாதி முடிந்த வாரமே கொழுந்தன் முனிகிருஷ்ணன் வந்து, "நெலத்தை நான் பாத்துக்கறேன் அண்ணி. உனக்கு ஒரு வேளை சோத்துக்குக் குறை வைக்கமாட்டேன்" என்றான். "எனக்கு மூணு வேளையும் பசிக்கும்பா" என்று சொல்லிவிட்டு, மறுவாரம் காளஹஸ்திப் பக்கத்துச் சந்தைக்குத் தானே போய் ஒரு ஜோடி மாடு பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று முதல் ஒன்பது வருஷம் கடலைக்காய் போட்டாள், கேழ்வரகு போட்டாள், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தாள். ஒரு நாள் சும்மா உட்கார்ந்ததில்லை.

பினாங்கிலிருந்து தம்பி கோவர்த்தனன் டிக்கெட் அனுப்பியதும், "ஒரு வெள்ளாமை நீ வச்சிக்கோ. வந்து வாங்கிக்கறேன்" என்று நிலத்தை முனிகிருஷ்ணனிடமே விட்டுவிட்டு, ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாசம் கப்பலேறினாள்.

பினாங்கில் அவள் எட்டு மாசம் இருந்தாள். அந்த எட்டு மாசத்தைப் பற்றி அவளுக்குக் கடைசிவரை கூச்சம் கிடையாது. விடிந்து எழுந்தால் போதும். யாரோ போட்ட காப்பியைக் குடிக்கலாம். மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஊர்கோலம் போகலாம். மலைமேல் கயிறு இழுத்துப் போகும் ரயிலில் ஏறி, மேலே குளிரில் நடுங்கிக்கொண்டு, கீழே ஊரும் கடலும் கோலம் போட்ட மாதிரி கிடப்பதைப் பார்த்தாள். சீனன் கடையில் நின்றபடி கொழுக்கட்டை தின்றாள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் தொலைந்துபோய், தானாகவே வழி கேட்டு வீடு வந்து சேர்ந்தாள். கோவர்த்தனன் போலீசுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

சித்திரை பிறந்தது. ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் முனிகிருஷ்ணனின் கடிதம் வந்தது.

கோவர்த்தனன் பினாங்குத் தீவுக்கு எதிரே, கடலின் அக்கரையில் ரயில் ஆபீசில் சரக்கு குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, கடிதத்தை அவனே படித்துக் காட்டினான். ஏப்ரல் ஒண்ணாந் தேதியிலிருந்து சத்தியவேட்டுப் பக்கம் எல்லாம் மதராசிலிருந்து ஆந்திராவுக்குப் போய்விட்டது. திருத்தணி மதராஸ் பக்கம், நாம் ஆந்திரா பக்கம். இனிமேல் ஆபீஸ், கோர்ட் எல்லாம் தெலுங்கு. தனியாக இருக்கிற பொம்பளை அலைய முடியாது. அண்ணி அங்கேயே தம்பியோடு சௌக்கியமாக இருக்கட்டும். இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், அண்ணியிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பவும்.

காகிதத்தைச் சந்திரம்மா கையில் வாங்கினாள். மூணாங்கிளாஸ் வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமானது. பட்டாவை முனிகிருஷ்ணன் பேருக்கு மாற்றிக்கொள்ளத் தனக்கு முழுச் சம்மதம் என்று எழுதியிருந்தது.

"அவன் சொல்றதுலயும் நியாயம் கீதுக்கா" என்றான் கோவர்த்தனன். "நீ பொறப்பட்ட ஊரு வேற. இப்ப போனா அது வேற ராஜ்ஜியம். அங்க போய் இன்னா பண்ணப்போறே? நீ தங்கற பாஸை நீட்டிக்க நான் எழுதிப் போடறேன். இங்கயே இரு."

"ஊரு எங்கியும் போவலைடா. எங்க இருந்துச்சோ அங்கதான் கீது. நான்தான் போனேன். நான் திரும்பி வரணும், அவ்ளோதான்."

"கௌரவமா இருக்கலாம்னு சொல்றேன்."

"என் வூட்ல எனக்கு இன்னா கௌரவக் குறைச்சல்?"

கோவர்த்தனனுக்குக் கோபம் வந்தது. அவன் கெட்டவன் இல்லை. அக்கா வெயிலில் கருகிச் சாகக் கூடாது என்பதுதான் அவன் எண்ணம். "ஒம்பது வருஷம் மாடு மாதிரி உழைச்சே. போதாதா? இங்க வந்துதான் உன் மூஞ்சியில சிரிப்பையே பாத்தேன்" என்றான்.

அது உண்மை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. சந்தோஷமாக இருந்ததற்கு நிலத்தைக் கொடுக்கச் சொல்கிறார்களா? ஒருத்தி எட்டு மாசம் ஓய்வாக உட்கார்ந்தால், அவள் உட்கார்ந்தே இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிடுவதா? காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அவளுக்கோ விடுமுறையின் மிச்சத்தை வீணாக்க மனசில்லை. ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஃபெர்ரி படகில் ஏறி அக்கரைக்குப் போய், இறங்கி, மறுபடி ஏறி வந்தாள். மறுநாளும் போனாள். தம்பி பெண்டாட்டி சுலோசனா பயந்துவிட்டாள்.

"எங்க போயிருந்தீங்க அண்ணி?"

"அக்கரைக்கு."

"அங்க யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. போயிட்டுத் திரும்பி வந்தேன். நல்லா இருந்துச்சி."

சுலோசனா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "நாளைக்குப் போனா என்னையும் கூப்பிடுங்க. கல்யாணமாகி வந்ததிலிருந்து ரெண்டு தடவைதான் அதுல ஏறியிருக்கேன்" என்றாள். மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். படகின் மேல்தட்டில் காற்றில் நின்றுகொண்டு வேர்க்கடலை தின்றபடி, "அவர் சொல்றாரேன்னு இருந்துடாதீங்க. நீங்க இருந்தா எனக்கு ஒத்தாசை. ஆனா இருந்துடாதீங்க" என்றாள் சுலோசனா.

துறைமுகத்துக்குக் கோவர்த்தனன் சுலோசனாவோடு வந்து, பெட்டியை ஏற்றிக் கொடுத்தான். கப்பல் சங்கு ஊதும்போது மட்டும், "கஷ்டம்னா எழுதுக்கா" என்று கத்தினான். அவள் கையை ஆட்டினாள். அழவில்லை என்று அவளே பிற்பாடு அடித்துச் சொல்வாள். அது பொய் என்று பின்னால் சுலோசனா கடிதத்தில் எழுதினாள்.

கப்பலில் மேல்தட்டுப் பயணம். பாயை விரித்தால் அதுதான் வீடு. பக்கத்துப் பாய் லட்சுமம்மாவுடையது. பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரி. ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் ரப்பர் பால் வெட்டியவள். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போன புருஷன் திரும்பவில்லை. அண்ணன் மகன் கூப்பிட்டிருந்தான் என்று ஊருக்குப் போகிறாள். விரல்களெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தன.

"நீ எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள் லட்சுமம்மா.

சந்திரம்மாவால், ஊரையே எதிர்த்துச் சொன்ன வார்த்தையை இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "தம்பி வூட்டுக்கு வந்தேன்" என்றாள்.

"வேலைக்கா?"

"இல்ல. சும்மா பாக்க."

லட்சுமம்மா முகம் சுளிப்பாள் என்று நினைத்தாள். அவளோ நகர்ந்து கிட்டே வந்தாள். "இன்னா பாத்தே? சொல்லேன். இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். ரப்பர் மரத்தைத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல. மலை மேல ரயிலு போவுமாமே, நெசமா?"

அந்த ஆறு நாளும் சந்திரம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். மலை ரயில், கம்பி பஸ், படகு, சீனன் கடை, கோயில் கூட்டம். லட்சுமம்மா விடாமல் கேட்டாள். ரயில் கயிறு அறுந்தால் என்ன ஆகும், மலை மேல் தண்ணி எப்படி வரும், கொழுக்கட்டைக்குள் என்ன வைத்திருந்தான். சொல்லச் சொல்ல, தான் எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்று சந்திரம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. இப்படிப் பார்ப்பதற்கு ஒருத்திக்குப் புருஷனைப் பறிகொடுத்து, கை வெடித்து, வயசாகியும் நேரம் கிடைக்காமல் போகிறது. தனக்குக் கிடைத்தது. கிடைத்ததற்கு யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் கிடைக்காதவளை மறக்கவும் கூடாது என்று பட்டது.

மதராஸ் துறைமுகத்துக்கு லட்சுமம்மாவின் அண்ணன் மகன் வந்திருந்தான். முதலில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தான், பிறகுதான் அத்தையைப் பார்த்தான். லட்சுமம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்கப்புறம் அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சந்திரம்மா இரண்டு கார்டு எழுதிப் பார்த்தாள்.

ஊத்துக்கோட்டை வழியாக பஸ் சத்தியவேட்டுக்குப் போனது. பெயர்ப் பலகைகளில் புதுப் பெயிண்ட் வாசனை போகாத தெலுங்கு. மற்றபடி அதே புளியமரம், அதே புழுதி. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தாள்.

அவள் தொழுவத்தில் முனிகிருஷ்ணனின் மாடுகள் கட்டியிருந்தன. அவன் பெண்டாட்டி ஜெயம்மா வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், பேயைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றாள். முனிகிருஷ்ணன் உள்ளேயிருந்து வந்தான்.

"அண்ணி! ஒரு லெட்டர் போட்டிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே!"

"என் வூட்டுக்கு வர்றதுக்கு நான் லெட்டர் போடணுமா?"

"இல்ல... நீ அங்கயே தங்கிட்டேன்னு..."

"எவன் சொன்னான்?"

அவனேதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். தாலுக்கா ஆபீசிலும் அப்படியே மனு கொடுத்திருந்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். "பத்திரமா கொண்டாந்துட்டேன். நீயே வச்சிக்கோ. மாட்டை அவுத்துக்கினு போ."

"ஆத்திரப்படாதே அண்ணி. இப்ப எல்லாம் தெலுங்கு. ஆபீஸ்ல போய் நின்னா உனக்கு இன்னா புரியும்?"

சந்திரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒம்பது வருஷமா நான் சந்தையில எந்த பாஷையில பேசி மாடு புடிச்சேன்? சீன பாஷையா?"

மறுநாளே சத்தியவேட்டில் புதிதாகத் திறந்திருந்த தாலுக்கா ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தா காகிதக் கட்டைப் புரட்டி, "மீரு மலேயாலோ உன்னாரண்ட கதா?" என்று கேட்டார். மலேயாவில்தானே இருக்கிறீர்களாம் என்று.

"வெள்ளானு. சூசானு. வச்சேசானு" என்றாள் அவள். போனேன், பார்த்தேன், வந்துவிட்டேன்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதிரே ஒரு ஸ்டூலைக் காட்டினார். விசாரணை நடந்தது. எல்லை மாறிய சமயம், கட்டுகள் பாதி அந்த ஜில்லாவில், பாதி இந்த ஜில்லாவில் இருந்தன. பழைய பட்டா நகலுக்குப் புது ஜில்லாத் தலைநகரான சித்தூருக்குப் போகவேண்டும் என்றார்கள். அவ்வளவு தூரம் தனியாகவா என்று ஊரில் கேட்டார்கள். "கப்பல்ல ஆறு நாள் போய் வந்தவளுக்குச் சித்தூரு தூரமா?" என்று கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு புத்தூர் பஸ் ஏறினாள். மூன்று தடவை போனாள். ஆடி மாசத்து மழைக்கு முன்னால் பட்டா அவள் பேரிலேயே உறுதியானது. முனிகிருஷ்ணன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனான். இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.

நிலத்தில் அந்த வருஷம் கடலைக்காய் சுமாராகத்தான் வந்தது. களை முளைத்துக் கெட்டுப்போயிருந்த மண்ணைச் சீர்ப்படுத்த இன்னொரு வருஷம் பிடித்தது. முதுகு வலித்தது. பினாங்கை நினைத்து ஏங்கிய நாட்களும் உண்டு. அதையும் அவள் மறைக்கவில்லை. "அங்க சும்மா இருந்தது நல்லா இருந்துச்சி. இங்க என் மண்ணுல வேலை செய்யறதும் நல்லாத்தான் கீது. ஒண்ணு புடிச்சா இன்னொண்ணை வுட்டுடணுமா?" என்பாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாசம், பொங்கல் முடிந்த நாலாம் நாள், சந்திரம்மா தன் வண்டியைப் பூட்டினாள். ஊரிலிருந்து சமுத்திரம் முப்பது மைல்கூட இருக்காது. ஆனால் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்ததில்லை. பழவேற்காட்டுக்குப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஐந்து பேர் வந்து ஏறினார்கள். ஆண்கள் தெருமுனையில் நின்று முணுமுணுத்தார்கள். எதுக்கு இதெல்லாம், சோறு யார் ஆக்குவது என்று. வண்டி நகரும்போது ஜெயம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். முனிகிருஷ்ணன் வீட்டு வாசலில் நின்று, "ஏ, எங்க போறே?" என்று கத்தினான்.

"பாக்கப் போறேன்!" என்றாள் ஜெயம்மா, வண்டிச் சட்டத்தைப் பிடித்து ஏறியபடி.

சந்திரம்மா மாட்டைத் தட்டி விட்டாள். "பானையில பழையது இருக்கும், உன் புருஷனை எடுத்துப் போட்டுத் துன்னச் சொல்லு" என்றாள்.